பாலையில் எண்ணி வைத்த புல்



கிதாபு ஓதிக் கொடுக்கும் ஓர் உஸ்தாதுக்கும் கோல்ஃப் ஆட்டத்துக்கும் என்ன உறவு என்று இந்தப் பக்கத்தைப் பார்த்ததும் உங்களில் சிலர் நகைக்கக்கூடும். நகையுங்கள், குற்றமில்லை. நானும் 2024-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் வரை அந்த ஆட்டத்தைச் செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்று ஒரே சொல்லில் ஒதுக்கி வைத்திருந்தவன்தான். இன்றும் அந்த எண்ணம் முழுதும் மாறிவிடவில்லை. ஆயினும் ஒரு பகற்பொழுது பாலைவனத்தின் நடுவே அமைந்த ஒரு கோல்ஃப் மைதானத்தில் மட்டையைக் கையிலேந்தி நின்றபோது, ஆட்டத்தைக் காட்டிலும் தண்ணீரைப் பற்றியே அதிகம் கற்றுக்கொண்டேன். அதை உங்களிடம் சொல்லாமலிருக்க மனம் ஒப்பவில்லை.

என் தங்கையும் அவள் கணவரும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரை ஒட்டியுள்ள சாண்ட்லரில் வசிக்கிறார்கள். மைத்துனர் கணினித் துறைப் பொறியாளர். அவர்களுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு மகன். தகப்பனுக்கும் மகனுக்கும் கோல்ஃப் ஆட்டத்தில் தீராத ஈடுபாடு. "ஜுமுஆவுக்குப் புறப்படக்கூட இவ்வளவு முன்னேற்பாடு செய்யமாட்டார்கள், காக்கா" என்று தங்கை என்னிடம் முறையிட்டாள். நான் அங்கே சென்றிருந்த வேளையில், மைத்துனரோடு ஆட வேண்டிய அலுவலக நண்பர் ஒருவர் கடைசி நேரத்தில் வரவில்லை. பணம் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. வீணாகக் கூடாதென்று அந்த இடம் எனக்கு வந்து சேர்ந்தது.

அறியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டீ எனப்படும் தொடக்கமேடையிலிருந்து பந்தை அடித்து, ஃபேர்வே என்னும் புல்பாதை வழியே கொண்டுசென்று, கிரீன் என்னும் நுண்ணிய புல்திட்டில் நாலேகால் அங்குல அகலமுள்ள குழிக்குள் விழச் செய்யவேண்டும். இப்படிப் பதினெட்டுக் குழிகள். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர். நடுவர் உடன் வருவதில்லை. தன் அடிகளைத் தானே எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசிச் செய்தியை மருமகன் சொல்லக் கேட்டதும் ஆட்டத்தின் மீது எனக்குச் சிறிது மதிப்புப் பிறந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நாங்கள் சென்ற மைதானத்தின் பெயர் வீ-கோ-பா. ஃபீனிக்ஸுக்கு வடகிழக்கே, ஃபவுன்டன் ஹில்ஸ் என்னும் ஊரை அடுத்து, ஃபோர்ட் மெக்டவல் யாவபாய் என்னும் செவ்விந்தியப் பழங்குடியினரின் நிலத்தில் அது இருக்கிறது. அடிவானத்தில் நான்கு கொடுமுடிகளோடு ஒரு மலை தெரிகிறது. அம்மலைக்கு யாவபாய் மக்கள் தங்கள் மொழியில் வழங்கும் பெயரே வீ-கோ-பா. மைதானத்தின் உரிமையாளர்களும் அவர்களே. உறுப்பினர் சந்தா, சிபாரிசு என்று எதுவும் வேண்டாம்; கட்டணம் செலுத்தும் எவரும் ஆடலாம். பொது மைதானம் என்பதன் பொருள் அங்கே அவ்வளவுதான். குளிர்காலத்தில் அந்தக் கட்டணம் ஒருவருக்கு இருநூறு டாலரைத் தாண்டும் என்று அறிந்தபோது, 'பொது' என்ற சொல்லுக்கு ஊருக்கு ஊர் விலை வேறுபடுகிறது போலும் என எண்ணிக்கொண்டேன். ஃபீனிக்ஸ் நகரத்திலேயே 1963-இல் திறக்கப்பட்ட பப்பாகோ என்னும் மைதானம் நகராட்சிக்குச் சொந்தமானது. நகரவாசிகள் அங்கே இதைவிடக் குறைந்த செலவில் ஆடலாம் என்றார் மைத்துனர்.

காலை எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். ஆனால் ஆட விடவில்லை. காரணம் கேட்டால் நம்பமாட்டீர்கள்: உறைபனி! பாலைவனத்தில் கோடைப் பகல் எவ்வளவு கொடியதோ, குளிர்கால விடியல் அவ்வளவு குளிர்ந்தது. புல்லின் மேல் பனி உறைந்திருக்கும்போது அதன்மீது நடந்தால் இலைகள் நொறுங்கிப் பட்டுப்போகும். ஆகவே வெயில் ஏறிப் பனி உருகும்வரை பணம் கட்டியவர்கள் அனைவரும் புல்லுக்காகக் காத்திருந்தார்கள். இதே ஊர்தான் 2023-ஆம் ஆண்டு ஜூன் இறுதியிலிருந்து ஜூலை இறுதி வரை தொடர்ந்து 31 நாட்கள் 110 பாகை ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 43 பாகை செல்சியசுக்குக் குறையாமல் வெந்து தணிந்தது.

ஒன்பது மணியளவில் அழைப்பு வந்தது. முதல் தொடக்கமேடையில் ஏறி நின்று எதிரே பார்த்தேன். அங்கேதான் எனக்கு வியப்பு காத்திருந்தது.

கோல்ஃப் மைதானம் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கும் என்றே படங்களில் பார்த்திருக்கிறோம். இங்கே என் காலடியில் ஒரு சிறு புல்மேடை. அதற்கப்பால் நூறு கஜத்துக்கும் மேல் வெறும் பாலை: சரளைக் கல், முட்புதர், மனிதனைப்போல் கையுயர்த்தி நிற்கும் சகுவாரோ கள்ளிகள். அதற்கப்பால் தீவு போல் ஒரு புல்பாதை. அதைக் கடந்தால் மீண்டும் பாலை. பிறகு மற்றொரு பச்சைத் தீவு. அதில் குழியும் கொடியும். தீவிலிருந்து தீவுக்குப் பந்து பறந்தே ஆகவேண்டும். உருண்டு போய்ச் சேர வழியில்லை. சற்றே பிசகினாலும் பந்து முள்ளுக்குள் போய்விடும். வேறு ஊர்களில் அரைகுறையாய் அடித்த பந்தும் புல்லில் தத்தித் தத்தி ஓரளவு முன்னேறும். இங்கே அந்தச் சலுகை கிடையாது.

அங்கே இரண்டு ஆடுகளங்கள் உள்ளன. 2006-இல் திறக்கப்பட்டதற்குச் சகுவாரோ என்று பெயர். பில் கூர், பென் கிரென்ஷா என்னும் இருவர் வடிவமைத்தது. அதன் புல்பாதைகள் அகலமானவை என்கிறார்கள். நாங்கள் ஆடியது 2001-இல் திறக்கப்பட்ட மூத்த களம். ஸ்காட் மில்லர் என்பவர் வடிவமைத்தது. அதன் பெயரும் ஒரு கள்ளியின் பெயரே. 'சோயா' என்று உச்சரிக்கிறார்கள். (நம் கடைகளில் விற்கும் சோயா மொச்சைக்கும் இதற்கும் எள்ளளவும் தொடர்பில்லை, அந்தக் கள்ளியோடு எனக்கு நேர்ந்த உறவைப் பின்னர் சொல்கிறேன்.) கடைசி மேடைகளிலிருந்து அளந்தால் பதினெட்டுக் குழிகளும் சேர்ந்து 7,200 கஜத்துக்கு மேல், ஏறத்தாழ ஆறரைக் கிலோமீட்டர். தேர்ந்த ஆட்டக்காரருக்கு 72 அடிகள் என்று கணக்கு.

"இத்தனை நிலமிருந்தும் ஏன் புல்லைத் துண்டு துண்டாகக் கிள்ளி வைத்திருக்கிறார்கள்? ஆட்டத்தைக் கடினமாக்கவா?" என்று மைத்துனரிடம் கேட்டேன்.

"அழகுக்கும்தான், கடினத்துக்கும்தான், மச்சான். ஆனால் இந்தப் பாணி இங்கே வேரூன்றியதற்குக் காரணம் தண்ணீர்ச் சட்டம்" என்றார் அவர்.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நின்று நிதானிக்க வேண்டும். ஃபீனிக்ஸ் நகரில் ஆண்டு முழுதும் பெய்யும் மழை எட்டு அங்குலம்கூடத் தேறாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஹொஹொகாம் எனப்பட்ட பழங்குடியினர் அங்கே நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டி வேளாண்மை செய்திருக்கிறார்கள். பதினைந்தாம் நூற்றாண்டுக்குள் அவர்கள் வாழ்க்கை சிதறிவிட்டது. பின்னர் வந்தவர்கள் ஆற்றைத் தேக்கினார்கள்; அதுவும் போதாமல் பூமியைத் துளைத்து நீரை இறைத்தார்கள். மழை ஊறுவதைவிட இறைப்பது மிகுந்தது. நிலத்தடி நீர்மட்டம் இறங்கியது. சில இடங்களில் நிலமே உள்வாங்கிப் பிளந்தது. கடைசியில் 1980-இல், ப்ரூஸ் பாபிட் என்பவர் ஆளுநராக இருந்தபோது, நிலத்தடி நீரைக் காக்க ஒரு கடுமையான சட்டம் பிறந்தது. அதன் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், 1980-களின் நடுவிலிருந்து புதிதாகத் தோன்றும் கோல்ஃப் மைதானங்களுக்குக் குழி ஒன்றுக்கு ஐந்து ஏக்கர் புல் என்ற அளவிலேயே தண்ணீரை ஒதுக்கின. பதினெட்டுக் குழிக்குத் தொண்ணூறு ஏக்கர். மற்ற இடமெல்லாம் இறைவன் படைத்தபடியே கிடக்கவேண்டியதுதான்.

அந்தத் தொண்ணூறு ஏக்கரை எங்கே வைப்பது? பந்து எங்கே விழவேண்டுமோ அங்கே மட்டும் வைத்தார்கள். எங்கே விழக்கூடாதோ அங்கே பாலையை விட்டுவிட்டார்கள். சட்டம் முழுமை பெறுவதற்கு முன்பே, 1983-இல், ஜாக் நிக்லாஸ் என்னும் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஸ்காட்ஸ்டேலில் டெஸர்ட் ஹைலண்ட்ஸ் என்ற தனியார் மைதானத்தை இவ்வகையில் அமைத்துக் காட்டியிருந்தார். பின்னால் வந்தவர்களுக்கு அதுவே வழியாயிற்று. குறி பார்த்து அடிக்கும் ஆட்டம் என்று இதற்குப் பெயர். வீ-கோ-பா பழங்குடியினரின் நிலமாதலால் மாநிலத்தின் நிலத்தடி நீர்ச் சட்டம் அங்கே செல்லுபடியாவதில்லை. ஆனால் அதற்குள் அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கமே அதுவாகிவிட்டிருந்தது. எனக்கு இதில் ஒரு நியாயம் தெரிந்தது. தண்ணீர் தாராளமாகக் கிடைத்தபோது மனிதன் எங்கே அடித்தாலும் புல். அளந்து கொடுக்கப்பட்டபோதுதான் அவன் குறி பார்க்கக் கற்றுக்கொண்டான். அந்த மைதானம் ஏன் கடினமானது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குக் கிடைக்கவில்லை.

நிற்க. என் ஆட்டத்துக்கு வருகிறேன்.

நான் நீண்ட குழிகளில் ஆடினால் பின்னால் வருவோர் அஸர் வரை காத்திருக்க நேரும் என்று அஞ்சி, குறுகிய குழிகளில் மட்டும் ஒவ்வோர் அடி அடிக்க எனக்கு அனுமதி தந்திருந்தார்கள். முதற்குறுங்குழியில் மட்டையை ஓங்கினேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மருமகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அதுவும் ஓர் அடிதான், மாமா, எண்ணிக்கொள்ளுங்கள்" என்றான். மறுமுறை ஓங்கினேன். பந்து வலப்பக்கமாய்ப் பறந்து ஒரு புதரருகே விழுந்தது. பாலையில் விழுந்த பந்துக்காகப் போராட வேண்டாம், ஓர் அடியைத் தண்டமாகச் சேர்த்துக்கொண்டு விளிம்பில் வேறு பந்தை வைத்து ஆடலாம் என்பது அங்கே பல மைதானங்களின் நடைமுறை. தேடுவதாயினும் மூன்று நிமிடமே தேடலாம். 2019-க்கு முன்பு ஐந்து நிமிடமாக இருந்ததாம். எனக்கோ கண்ணெதிரே வெள்ளையாய்த் தெரியும் பந்தை விட்டுவர மனமில்லை. குனிந்து கையை நீட்டினேன்.

அந்தப் புதர்தான் சோயா! தூரத்திலிருந்து பார்த்தால் பூனைக்குட்டியின் ரோமம் போல் பொன்னிறத்தில் மெத்தென்று மின்னுகிறது. சட்டைக்கை லேசாக உரசியதுதான் தாமதம். எலுமிச்சம்பழம் அளவு ஒரு முள்ளுருண்டை கழன்று வந்து துணியோடும் தோலோடும் சேர்த்துக் கவ்விக்கொண்டது. அது தானே தாவிப் பற்றுவதாகக் கருதி, 'தாவும் கள்ளி' என்றும் அழைக்கிறார்களாம். அதன் ஒவ்வொரு முள்ளிலும் பின்னோக்கிய நுண்கொக்கிகள். மறுகையால் பிடுங்கினால் மறுகையும் சிறைப்படும். "அசையாதீர்கள் மச்சான்! சீப்பு இருந்தால் நன்றாயிருக்கும். இங்கே ஆடுபவர்கள் பையில் ஒரு சீப்பு வைத்திருப்பார்கள், நான் மறந்துவிட்டேன்" என்று தவித்தார் மைத்துனர். தாடி சீவும் சீப்பு என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். எடுத்துக் கொடுத்தேன். பற்களை முள்ளுருண்டைக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து ஒரே சுண்டாகச் சுண்டி எறிந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது; ஆனாலும் சிரிக்காமலிருக்க முடியவில்லை. அன்று நான்கு பேரில் ஆயத்தமாக வந்திருந்தவன் நான் ஒருவன்தான் என்று அவர்களோடு வந்திருந்த அமெரிக்க நண்பர் பாராட்டினார்.

சகுவாரோவைப் பற்றியும் ஒரு சொல். அது பக்கத்தில் கைபோன்ற கிளையை விடுவதற்கே ஐம்பதிலிருந்து நூறு ஆண்டுகள் ஆகும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும். மரங்கொத்தி அதைக் குடைந்து கூடு கட்டும். மரங்கொத்தி விட்டுச் சென்ற பொந்தில் ஆந்தை குடிபுகும். மாநிலச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. நினைத்தபடி வெட்டவோ பெயர்க்கவோ கூடாது. எங்கள் வழியில் ஐந்து கைகளோடு நின்ற ஒரு சகுவாரோவைக் காட்டி, "இது தோன்றியபோது இந்த ஊரில் ஆங்கிலம் பேசியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?" என்று மருமகனைக் கேட்டேன். அவன் பந்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

ஒன்பதாவது குழி முடிந்து சற்றுத் தூரம் சென்றபோது லுஹர் நேரம் வந்தது. ஓரமாய் ஒதுங்கினோம். சுற்றிலும் மணலும் கல்லுமாக இருப்பதைக் கண்ட பிள்ளை, "மாமா, இங்கே தயம்மும் செய்துகொள்ளலாமா? பாலைவனம்தானே?" என்று ஆவலோடு கேட்டான். பாடத்தில் படித்ததை நடைமுறையில் பார்க்க அவனுக்கு ஆசை. "பாலைவனம் என்பதற்காகத் தயம்மும் இல்லையப்பா, தண்ணீர் இல்லை என்றால்தான். உன் கையிலேயே ஒரு புட்டி இருக்கிறதே!" என்றேன். அந்த அரை லிட்டர்ப் புட்டியில் நான் ஒளுவை முடித்து, மீதத்தை அவனிடமே நீட்டினேன். அவன் புட்டியை வெயிலில் உயர்த்திப் பிடித்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தான். வீட்டில் அவன் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒளுச் செய்வதை நான் இரண்டு நாளாய்ப் பார்த்திருந்தேன். அப்போது எதுவும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை. நம் ஊரில் மேற்கு நோக்கி நிற்கும் நாம் அங்கே வடகிழக்கு நோக்கி நின்று தொழுதோம்.

தொழுதபின் மீண்டும் நடந்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஸ்காட்ஸ்டேல் வழியாக வந்தபோது சாலையோரம் கண்ட மைதானங்களைச் சுற்றி மாளிகைகள் முற்றுகையிட்டிருந்தன. இங்கே ஒரு வீடுகூடக் கண்ணில் படவில்லை. மலை, கள்ளி, வானம், வேறொன்றும் இல்லை. "இந்த மனைகளை விற்றாலே கோடிகள் குவியுமே!" என்றேன். "அவர்கள் விற்கிறவர்கள் அல்லர், மச்சான்" என்று சொல்லி, மைத்துனரும் அந்த அமெரிக்க நண்பரும் மாறி மாறிக் கூறிய வரலாற்றை நான் பிறகு நூலகத்தில் அமர்ந்து சரிபார்த்தேன்.

யாவபாய் மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கள் பரந்த நிலத்தையெல்லாம் இழந்தவர்கள். 1903-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஆணையால், வெர்டே ஆற்றங்கரையில் ஏறத்தாழ 24,000 ஏக்கர் மட்டும் ஒரு பிரிவினருக்கு ஒதுக்கப்பட்டது. அதையும் விட்டுக்கொடுத்து வேறு பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலத்துக்குக் குடிபெயரும்படி அடுத்த சில ஆண்டுகளிலேயே நெருக்குதல் தொடங்கியது. காரணம் அந்த ஆற்று நீர்தான். அப்போது அவர்களுக்காக வழக்காடி நின்றவர் வாஸாஜா என்னும் கார்லோஸ் மான்டஸூமா. அவர் யாவபாய்க் குலத்தில் பிறந்து, சிறுவனாயிருக்கையில் 1871-இல் வேற்றுக் குலத்தாரால் பிடிக்கப்பட்டு, முப்பது வெள்ளி டாலருக்கு ஓர் இத்தாலியப் புகைப்படக் கலைஞரிடம் விற்கப்பட்டவர். அந்த மனிதர் அவரை மகனாக வளர்த்தார்; 1889-இல் சிகாகோவில் மருத்துவரானார். விலைக்கு விற்கப்பட்ட பிள்ளை வளர்ந்து, தன் மக்களின் நிலம் பறிபோகாமல் காத்தது! காசநோய் முற்றியபோது நகரத்து மருத்துவமனையை நாடாமல் அந்த மண்ணுக்கே திரும்பிவந்து, ஒரு குடிசையில் 1923 ஜனவரியில் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

அரை நூற்றாண்டு கழித்துச் சோதனை மீண்டும் வந்தது. இம்முறையும் தண்ணீரின் பெயரால். கொலராடோ ஆற்று நீரை 540 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் வழியாக, எண்ணூறு மீட்டருக்கு மேல் மேடேற்றி, ஃபீனிக்ஸ், டூசான் பகுதிகளுக்குக் கொண்டுவரும் பெருந்திட்டத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றம் 1968-இல் ஒப்புதல் தந்தது. அந்நீரைச் சேமிக்க, வெர்டே ஆறும் சால்ட் ஆறும் கூடுமிடத்தில் ஓர்ம் அணை என்றோர் அணை கட்டத் திட்டமிட்டார்கள். கட்டினால் யாவபாய் மக்களின் நிலத்தில் பாதிக்கும் மேல் நீரில் மூழ்கும். வீடுகளும் வயல்களும் அடக்கத்தலங்களும் அதில் அடக்கம். ஈடாகக் கோடிக்கணக்கான டாலர் தர அரசு முன்வந்தது. சில நூறு பேரே கொண்ட ஏழைச் சமூகம். அந்தப் பணம் ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரே நாளில் செல்வமாக்கியிருக்கும். 1976-இல் அவர்களிடையே வாக்கெடுப்பு நடந்தது. பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள்.

அதோடும் நெருக்குதல் நிற்கவில்லை. 1981 செப்டம்பரில், முதியோரும் சிறுவருமாக ஏறத்தாழ நூறு பேர், தங்கள் கிராமத்திலிருந்து ஃபீனிக்ஸ் தலைமைச் செயலகத்துக்கு மூன்று நாள் நடந்தே சென்றார்கள். ஐம்பது கிலோமீட்டர், அந்த வெயிலில். அதே ஆண்டு நவம்பரில் உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் வாட் ஓர்ம் அணைத் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். இன்றும் ஆண்டுதோறும் நவம்பரில் அதை அவர்கள் விழாவாகக் கொண்டாடுகிறார்கள். 1990-இல் அவர்களுடைய நீர்ப்பங்கும் நாடாளுமன்றச் சட்டத்தால் உறுதியாயிற்று.

என் இளமையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓர் ஊருணி இருந்தது. பெண்கள் காலையில் குடமெடுத்துச் செல்வார்கள். இப்போது அது மனைப்பிரிவு. எவரும் மிரட்டவில்லை, எவரும் அணை கட்டவில்லை. நல்ல விலை வந்தது, அவ்வளவுதான். கையெழுத்திட்டவர்களில் எங்கள் வீட்டாரும் உண்டு. அந்த மைதானத்தில் நடக்கையில் இந்த நினைவை என்னால் விலக்க இயலவில்லை.

இனி, உங்களில் சிந்தனையுள்ள ஒருவர் கேட்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன். "இவ்வளவு தண்ணீர்ப் பஞ்சம் உள்ள பூமியில் விளையாட்டுக்குப் புல் வளர்ப்பதே வீண்விரயம் அல்லவா? அதை ஏன் இத்தனை பரிவோடு எழுதுகிறீர்?" நியாயமான கேள்வி. கொலராடோ ஆற்றில் நீர் குறைந்து, 2021 ஆகஸ்டில் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. 2022-இல் அரிசோனாவின் பங்கில் நூற்றுக்குப் பதினெட்டு வெட்டப்பட்டது. 2023 ஜூனில், ஃபீனிக்ஸ் பகுதியில் நிலத்தடி நீரை மட்டுமே நம்பி அமையும் புதிய குடியிருப்புப் பிரிவுகளுக்கு இனி ஒப்புதல் இல்லை என்று மாநில அரசு அறிவித்துவிட்டது. கோல்ஃப் மைதானக்காரர்களோ, மாநிலத்தின் மொத்தத் தண்ணீரில் நாங்கள் பயன்படுத்துவது நூற்றுக்கு இரண்டளவே, வேளாண்மைக்கு முக்கால் பங்கு போகிறதே என்கிறார்கள். கணக்கு உண்மைதான். ஆனால் உணவுக்கு விளைவிப்பதும் பந்துக்கு விளைவிப்பதும் ஒரே தராசில் வைக்கத்தக்கவையா? இந்த வாதம் எனக்கு உவக்கவில்லை. ஸ்காட்ஸ்டேல் நகரில் செய்வது இதைவிட மேலானது: வட பகுதியிலுள்ள இருபதுக்கும் மேற்பட்ட மைதானங்களுக்கு, வீடுகளின் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தனிக்குழாயில் அனுப்புகிறார்கள். சுத்திகரித்த நீரையும் ஆழ்நிலத்தில் செலுத்திச் சேமிக்கலாமே என்று அங்கேயே வாதிடுவோரும் உண்டு.

இன்னொன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. கோடைக்குரிய பெர்முடா புல் குளிர்காலத்தில் உறங்கி வைக்கோல் நிறமாகிவிடும். அது இயல்பு. ஆனால் வருகிற பயணிகளுக்குப் பச்சை தெரியவேண்டுமென்று இலையுதிர் காலத்தில் அதன்மேல் ரை என்னும் குளிர்காலப் புல்லை விதைத்து, அது முளைக்கும்வரை நீரைப் பாய்ச்சுகிறார்கள். நான் கண்டு வியந்த பச்சை அந்த விதைப்பின் பச்சைதான். இப்போது சில மைதானங்கள் அந்த விதைப்பைக் குறைத்தும் நிறுத்தியும் வருகின்றன என்றறிந்தபோது, நான் போயிருந்த நாளில் புல் சற்று வெளிறியிருந்தாலும் குறைசொல்லியிருக்க மாட்டேன் என்று நினைத்தேன். சொல்லியிருக்க மாட்டேனா என்பதையும் உறுதியாகக் கூறமுடியவில்லை. பனி உருகிய அந்தப் புல்லில் கால் வைத்தபோது எழுந்த இன்பம் பொய்யல்ல.

பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் பதினெட்டாவது குழியில் முடித்தோம். மைத்துனர் 103 அடிகள் என்று அட்டையில் எழுதினார். பிள்ளை தன் விரல்களை மடக்கி மடக்கி எண்ணி, பதினான்காவது குழியில் ஒன்றை விட்டுவிட்டதாகச் சொல்லி அதையும் சேர்த்து 117 என்று எழுதினான். யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. நான் ஐந்து குறுங்குழிகளில் ஆடி, மூன்று பந்துகளைப் பாலைக்குக் கொடுத்துவிட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தங்கை என் சட்டையைத் துவைக்க எடுத்துவிட்டு, "ஆ!" என்று கையை உதறினாள். சட்டைக்கையில் இன்னும் ஒரு முள் மிச்சமிருந்தது. அவள் மகன் என் சீப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான்.